விண்டோஸ் 10-ஐ விட்டு லினக்ஸுக்குத் தாவப் போறீங்களா? முதல்ல அந்த எக்ஸ்டர்னல் ஹார்டு டிஸ்க்கைக் கவனிங்க!

லேப்டாப்பைத் திறந்தாலே ‘உங்கள் விண்டோஸுக்கு ஆதரவு முடிந்துவிட்டது’ என்று ஒரு திரை வந்து நிற்கிறதா? 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் டாட்டா காட்டிவிட்டது. வீட்டு கம்ப்யூட்டர்களுக்கு 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்பு அப்டேட் நீட்டிப்பு என்று அறிவித்தார்களே தவிர, அது தள்ளிப்போடுவதுதான், தீர்வு இல்லை. விண்டோஸ் 11-க்குப் போகலாம் என்றால் டி.பி.எம் 2.0 சிப் வேண்டும், புது தலைமுறை பிராசஸர் வேண்டும். 2016, 2017-ல் வாங்கிய லேப்டாப்பில் பெரும்பாலும் இது நடக்காது. நல்லா ஓடுற மெஷினைத் தூக்கிப் போட மனசு வராதவர்கள் லினக்ஸ் மின்ட், உபுன்டு என்று தேட ஆரம்பித்திருக்கிறார்கள்.

லினக்ஸ் நம்ம பக்கத்துக்கு ஒண்ணும் புதுசு இல்லை. வாஞ்சூர் தாண்டி நாகூர் போனால் தமிழ்நாடு. அங்கே 2011-ல் தொடங்கிய அரசு இலவச லேப்டாப்பில் விண்டோஸோடு ‘பாஸ்’ லினக்ஸும் சேர்ந்தே வந்தது. சென்னை சி-டாக்கில் உருவானது அது. பல வீடுகளில் அந்தப் பக்கம் யாரும் எட்டிக்கூடப் பார்க்கவில்லை என்பது தனிக்கதை.

காரைக்காலில் இந்த மாற்றத்துக்கு இன்னொரு கோணமும் இருக்கு. சுற்றிலும் தமிழ்நாடு, நடுவில் புதுச்சேரி நிர்வாகம், பல குடும்பங்களுக்கு ஒரு கால் பிரான்ஸில். பாரிஸிலிருந்து லீவுக்கு வந்த சித்தப்பா ‘நீ வெச்சுக்கடா’ என்று விட்டுப்போன பழைய லேப்டாப் உங்கள் மேஜையில் இருக்கலாம். அதற்குள் உங்கள் காலேஜ் புராஜெக்ட், அக்கா கல்யாண வீடியோ மட்டும் இருக்காது. சொல்தா தாத்தாவின் பென்ஷன் பேப்பர், பிரெஞ்சு குடும்பப் பதிவேட்டின் ஸ்கேன், 1954-க்கு முந்தைய பிறப்புச் சான்றிதழின் போட்டோ எல்லாமும் இருக்கும். புது ஆபரேட்டிங் சிஸ்டம் போடும்போது ‘டிஸ்க்கை அழிக்கவா?’ என்று ஒரு பட்டன் வரும். அதை அழுத்தினால் இவை அத்தனையும் போகும். அதனால்தான் எக்ஸ்டர்னல் ஹார்டு டிஸ்க்.

லாக்கர் இல்லை, இரண்டாவது பிரதி

இங்கேதான் நிறைய பேர் சறுக்குகிறார்கள். ஹார்டு டிஸ்க்கை லாக்கர் மாதிரி நினைத்து, ஃபைல்களை ‘கட்’ செய்து அதில் ‘பேஸ்ட்’ பண்ணிவிட்டு, லேப்டாப்பை அழிக்கிறார்கள். அந்த நிமிடத்திலிருந்து உங்கள் குடும்ப ஆவணம் ஒரே ஒரு இடத்தில், சுழலும் ஒரு தட்டில், ஒரு மெல்லிய கேபிளை நம்பி இருக்கிறது. அது கீழே விழுந்தால் முடிந்தது.

எப்போதும் ‘காப்பி’தான், ‘கட்’ கூடாது. அதுவும் போதாது. லேப்டாப்பை அழிக்கப் போகிறீர்கள் என்றால், அழித்த பிறகும் ஒவ்வொரு ஃபைலும் இரண்டு இடத்தில் இருக்க வேண்டும். ஹார்டு டிஸ்க் ஒன்று. மற்றது இன்னொரு டிஸ்க்காக இருக்கலாம், கூகுள் டிரைவாக இருக்கலாம், முக்கியமான ஆவணங்களுக்கு மட்டும் ஒரு பென் டிரைவாக இருக்கலாம். சினிமாவுக்கு இரண்டு பிரதி வேண்டாம், திரும்ப டவுன்லோடு பண்ணிக்கலாம். தாத்தாவின் பேப்பரை எங்கிருந்து டவுன்லோடு பண்ணுவீங்க?

2004 சுனாமியையும் 2018 கஜா புயலையும் பார்த்த கடற்கரை நம்முடையது. இரண்டாவது பிரதியை அதே அலமாரியில் வைக்காமல், திருநள்ளாறு மாமா வீட்டிலோ கும்பகோணம் பெரியம்மா வீட்டிலோ கொடுத்து வைப்பது நல்லது.

எதை எதை எடுக்கணும்?

டாக்குமென்ட்ஸ், பிக்சர்ஸ், டவுன்லோட்ஸ், டெஸ்க்டாப். இது எல்லோருக்கும் தெரியும். தெரியாமல் விட்டுப்போவது வேறு.

ஒன்டிரைவ் முதலில். விண்டோஸில் உங்கள் டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ் ஃபோல்டர்கள் ஒன்டிரைவுடன் இணைந்திருக்கலாம். ஃபைல் பெயருக்குப் பக்கத்தில் நீல மேகம் மாதிரி ஐகான் தெரிந்தால், அந்த ஃபைல் உங்கள் லேப்டாப்பில் இல்லை, இன்டர்நெட்டில் இருக்கு. பெயர் மட்டும்தான் இங்கே. பச்சை டிக் வந்தால்தான் நிஜமாகவே உங்களிடம் இருக்கு என்று அர்த்தம். காப்பி பண்ணும் முன் அந்த ஃபோல்டரை ரைட் கிளிக் செய்து, ‘எப்போதும் இந்தச் சாதனத்தில் வைத்திரு’ என்ற ஆப்ஷனைக் கொடுத்து, எல்லாம் இறங்கி முடியும் வரை காத்திருங்கள்.

அடுத்தது ஃபான்ட். தமிழில் டைப் செய்கிற வீடுகளில் இதை மறந்தால் பெரிய தலைவலி. வானவில், பாமினி போன்ற பழைய ஃபான்ட்களில் அடித்த கடிதம், கல்யாணப் பத்திரிகை, சங்கத்து மினிட்ஸ் உங்களிடம் இருக்கா? அவை யூனிகோடு கிடையாது. கம்ப்யூட்டரைப் பொறுத்தவரை அது ஆங்கில எழுத்து. ஃபான்ட்தான் அதற்குத் தமிழ் முகம் போட்டுக் காட்டுகிறது. லினக்ஸில் அந்த ஃபான்ட் இல்லாமல் திறந்தால் பக்கம் முழுக்க அர்த்தமில்லாத ஆங்கில எழுத்தும் குறியீடும்தான் தெரியும். ‘ஃபைல் கெட்டுப்போச்சு’ என்று நினைத்து அழித்துவிடாதீர்கள்! விண்டோஸ் ஃபோல்டருக்குள் இருக்கும் ஃபான்ட்ஸ் ஃபோல்டரிலிருந்து அந்த ஃபான்ட் ஃபைல்களையும் ஹார்டு டிஸ்க்குக்கு எடுத்துக்கொண்டால் பிரச்னை தீர்ந்தது. இன்னும் நல்லது, நேரம் இருக்கும்போதே அந்த ஆவணங்களை யூனிகோடுக்கு மாற்றிவிடுவது, கூடவே ஒரு பி.டி.எஃப் எடுத்து வைப்பது. பி.டி.எஃப்-இல் ஃபான்ட் உள்ளேயே பொதிந்து வருவதால் எந்த மெஷினிலும் தமிழாகவே தெரியும்.

பிரவுசரில் சேமித்த பாஸ்வேர்டுகள் கூகுள் கணக்கோடு சிங்க் ஆகி இருந்தால் கவலை இல்லை. இல்லையென்றால் எக்ஸ்போர்ட் பண்ணலாம். ஆனால் அந்த ஃபைலில் எல்லா பாஸ்வேர்டும் யார் திறந்தாலும் படிக்கிற மாதிரி அப்படியே இருக்கும். வேலை முடிந்த அன்றே அழித்துவிடுங்கள். வாட்ஸ்அப் பற்றிப் பதற வேண்டாம், சாட் எல்லாம் போனில்தான் இருக்கு. லேப்டாப்பில் இறக்கிய போட்டோ, பி.டி.எஃப்-களை மட்டும் எடுத்தால் போதும்.

ஒரு எச்சரிக்கை: அப்பாவின் கடைக் கணக்கு அந்த லேப்டாப்பில் டேலியில் ஓடுகிறது என்றால், அதை லினக்ஸுக்கு மாற்றாதீர்கள். டேலி விண்டோஸுக்கானது. லினக்ஸில் அதை ஓட வைக்கச் சுற்றுவழிகள் உண்டு. ஆனால் ஜி.எஸ்.டி கட்ட வேண்டிய கடைசி நாளில் சுற்றுவழியில் போய் நிற்க வேண்டாமே.

எந்த ஃபார்மேட்?

ஹார்டு டிஸ்க்குக்குள் ஃபைல்களை அடுக்கி வைக்கும் முறைக்குத்தான் ஃபார்மேட் என்று பேர். விண்டோஸின் முறை என்.டி.எஃப்.எஸ். ஆப்பிள் மேக்கின் முறை ஏ.பி.எஃப்.எஸ். லினக்ஸில் அதிகம் புழங்குவது ஈ.எக்ஸ்.டி-4. மூவரும் ஓரளவு ஒத்துக்கொள்கிற பொதுவான முறை எக்ஸ்ஃபேட். பழைய ஃபேட்-32-ம் எல்லாவற்றிலும் திறக்கும். ஆனால் 4 ஜி.பி-க்கு மேல் ஒற்றை ஃபைலை ஏற்றுக்கொள்ளாது. கல்யாண வீடியோ அங்கேயே மாட்டிக்கொள்ளும்.

விண்டோஸிலிருந்து லினக்ஸுக்குப் போகிறவர்கள் டிஸ்க் என்.டி.எஃப்.எஸ்-இல் இருந்தால் அப்படியே விட்டுவிடுவதுதான் சரி என்பேன். லினக்ஸ் அதைப் படிக்கும், எழுதவும் செய்யும். எக்ஸ்ஃபேட்டுக்கு மாற்றச் சொல்லி நிறைய வீடியோக்கள் சொல்கின்றன. எக்ஸ்ஃபேட்டுக்கு ஒரு பலவீனம் உண்டு: எழுதிக்கொண்டிருக்கும்போது கரன்ட் போனாலோ கேபிள் பிடுங்கப்பட்டாலோ, நடந்ததைத் திரும்பப் பார்த்துச் சரிசெய்துகொள்ளும் குறிப்பேடு அதில் கிடையாது. என்.டி.எஃப்.எஸ்-இல் அது இருக்கு. மழைக்காலத்தில் கரன்ட் எப்போ போகும் என்று யாருக்கும் தெரியாத ஊரில் இது சின்ன விஷயம் இல்லை.

மேக்புக்குக்கு மாறுகிறவர்கள் கதை வேறு. மேக் என்.டி.எஃப்.எஸ் டிஸ்க்கைப் படிக்கும், எழுதாது. பழைய ஃபைல்களை இறக்கிக்கொள்ள மட்டும் என்றால் அதுவே போதும். இரண்டு மெஷினிலும் அதே டிஸ்க்கை மாறி மாறிப் பயன்படுத்தணும் என்றால்தான் எக்ஸ்ஃபேட். ஃபார்மேட் மாற்றினால் டிஸ்க்கில் இருப்பதெல்லாம் அழியும் என்பதால், அதைக் காலி டிஸ்க்காக இருக்கும்போதே செய்துவிடணும்.

தமிழில் பெயர் வைத்தவர்கள் கவனிக்க

இதை யாரும் சொல்லித்தர மாட்டார்கள். விண்டோஸில் ஒரு ஃபைல் பெயர் 255 எழுத்து வரை போகலாம். லினக்ஸின் ஈ.எக்ஸ்.டி-4-இல் 255 ‘பைட்’ வரைதான். ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட் என்பதால் அவர்களுக்கு வித்தியாசமே தெரியாது. தமிழில் ஒவ்வொரு குறிக்கும் மூன்று பைட். ‘கா’ என்பது ‘க’ ஒன்று, கால் ஒன்று என இரண்டு குறி, ஆறு பைட். ‘காரைக்கால்’ என்று எழுதினாலே 30 பைட் காலி. ஆக, ‘காரைக்கால் அம்மையார் கோயில் மாங்கனித் திருவிழா குடும்பத்தோடு போனபோது எடுத்த வீடியோ’ என்பதற்கும் மேலே இன்னும் நீளமாக ஆசையாகப் பெயர் வைத்து 255 பைட்டைத் தாண்டியிருந்தால், விண்டோஸில் ஒழுங்காக இருந்த ஃபைல் லினக்ஸில் காப்பி ஆகாமல் ‘பெயர் மிக நீளம்’ என்று முரண்டு பிடிக்கும். சுமார் 85 குறிகள்தான் எல்லை. காப்பிக்கு முன்னாடியே நீளமான தமிழ்ப் பெயர்களை ‘மாங்கனி-2019’ என்று சுருக்கிவிடுங்கள்.

காப்பி பண்ணும் நாள்

டிஸ்க்கை மேஜையில் சமமாக வையுங்கள். சுழலும் தட்டு இருக்கும் டிஸ்க் என்றால் ஓடும்போது தூக்கவோ சாய்க்கவோ கூடாது. லேப்டாப் பேட்டரி செத்துப்போய் சார்ஜரில் மட்டும் ஓடுகிறதா? அப்போ யு.பி.எஸ் அல்லது இன்வெர்ட்டர் இருக்கும் இடத்தில் உட்காருங்கள். 200 ஜி.பி தகவலுக்கு, யு.எஸ்.பி 3 போர்ட்டில் (பெரும்பாலும் உள்ளே நீல நிறமாக இருக்கும்) அரை மணி நேரத்துக்குச் சற்று மேல் ஆகலாம். பழைய யு.எஸ்.பி 2 போர்ட் என்றால் ஒன்றரை மணி நேரம் தாண்டும். ஆயிரக்கணக்கில் சின்னச் சின்ன போட்டோ இருந்தால் இன்னும் இழுக்கும். டீ குடிச்சிட்டு வாங்க.

1 டி.பி டிஸ்க் விண்டோஸில் 931 ஜி.பி என்று காட்டினால் ஏமாந்துவிட்டதாக நினைக்க வேண்டாம், கணக்கிடும் முறை வேறு, அவ்வளவுதான். ஆனால் ஆன்லைனில் ‘16 டி.பி’ என்று சில நூறு ரூபாய்க்கு வருவது நிச்சயம் ஏமாற்று. உள்ளே சின்ன மெமரி கார்டை வைத்து, பெரிய எண்ணைக் காட்டும்படி செய்திருப்பார்கள். ஃபைல் ஏறுகிற மாதிரியே தெரியும். திறந்தால் எதுவும் இருக்காது.

முடிந்ததும் இரண்டு பக்கமும் ஃபோல்டரை ரைட் கிளிக் செய்து பிராப்பர்ட்டீஸில் ஃபைல் எண்ணிக்கையும் பைட் எண்ணிக்கையும் ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். ‘ஃப்ரீஃபைல்சிங்க்’ என்ற இலவச சாஃப்ட்வேர் இதையே இன்னும் துல்லியமாக ஒப்பிட்டுக் காட்டும். பிறகு ‘சேஃப்லி ரிமூவ்’ கொடுத்துத்தான் கழற்றணும். அப்படிக் கழற்றாமல், டிஸ்க் செருகியபடியே விண்டோஸை ஷட்டவுன் செய்தால், ‘ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்’ வசதியால் டிஸ்க் பாதி தூக்கத்திலேயே இருக்கும். லினக்ஸ் அதைப் படிக்க மட்டும் அனுமதிக்கும், சில நேரம் திறக்கவே மறுக்கும்.

அழிப்பதற்கு முன் ஒரு ஒத்திகை

லினக்ஸின் பெரிய சௌகரியம், பென் டிரைவிலிருந்தே முழுசாக ஓட்டிப் பார்க்கலாம், லேப்டாப்பில் எதையும் தொடாமல். இதற்கு ‘லைவ்’ மோட் என்று பெயர். 8 ஜி.பி பென் டிரைவ் ஒன்று தனியாக வாங்குங்கள். லினக்ஸை ஏற்றும் சாஃப்ட்வேர் அந்த டிரைவை முழுசாக அழித்துவிடும். அதனால் பேக்கப் இருக்கும் ஹார்டு டிஸ்க்கிலேயே அதை ஏற்றப் பார்க்காதீர்கள். பென் டிரைவை உருவாக்கும்போது ஹார்டு டிஸ்க் கழற்றியே இருக்கட்டும்.

லைவ் மோடில் நுழைந்ததும் ஹார்டு டிஸ்க்கைச் செருகிப் பாருங்கள். தாத்தாவின் பேப்பர் திறக்கிறதா? கல்யாண வீடியோ நடுவில் ஓட்டினாலும் ஓடுகிறதா? தமிழ் ஆவணம் தமிழாகத் தெரிகிறதா? வைஃபை, பிரின்ட்டர் வேலை செய்கிறதா? இங்கே ஏதாவது சொதப்பினால் ரீஸ்டார்ட் செய்தால் போதும், பழைய விண்டோஸ் அப்படியே இருக்கும். இந்த அரை மணி நேரத்தை மட்டும் மிச்சம் பிடிக்காதீர்கள்.

பிரான்ஸ் லேப்டாப் வைத்திருப்பவர்களுக்கு இங்கே ஒரு தனிப் பொறி. அந்த கீபோர்டில் எழுத்துகளின் வரிசை வேறு. நம்மூர் கீபோர்டில் ‘க்யூ’ இருக்கும் இடத்தில் அங்கே ‘ஏ’. ‘டபிள்யூ’ இடத்தில் ‘இசட்’. ‘எம்’ இருப்பது நம்முடைய செமிகோலன் இடத்தில். மேல் வரிசை எண்களுக்கு ஷிஃப்ட் அழுத்தணும். லைவ் மோட் சாதாரணமாக அமெரிக்க வரிசையில்தான் ஆரம்பிக்கும். உங்கள் ஹார்டு டிஸ்க்குக்கு ‘அம்மா’ என்று ஆங்கிலத்தில் பாஸ்வேர்டு வைத்திருந்தால், கீயில் அச்சிட்டிருப்பதைப் பார்த்து நீங்கள் சரியாகத்தான் தட்டுவீர்கள். உள்ளே போவது க்யூ, செமிகோலன், செமிகோலன், க்யூ! பாஸ்வேர்டு புள்ளிகளாகத் தெரிவதால் தப்பு எங்கே என்று கண்டுபிடிக்கவும் முடியாது. கீபோர்டு செட்டிங்கில் பிரெஞ்சு வரிசையை முதலில் தேர்ந்தெடுத்து, காலியான ஒரு டெக்ஸ்ட் ஃபைலில் பாஸ்வேர்டை ஒருமுறை அடித்துப் பார்த்துவிட்டு அப்புறம் டிஸ்க்கைத் திறங்கள்.

இன்னொரு பூட்டு, பிட்லாக்கர். பல லேப்டாப்களில் அது தானாகவே ஆன் ஆகியிருக்கும். பயோஸ் செட்டிங்கை மாற்றியதும் சில நேரம் 48 இலக்க ரெக்கவரி கீ கேட்டு விண்டோஸ் மறிக்கும். உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் அந்த கீ இருக்கிறதா என்று முன்னாடியே பார்த்து ஒரு தாளில் எழுதி வையுங்கள். லேப்டாப் சித்தப்பா பெயரில் என்றால், கீ அவர் கணக்கில்தான் இருக்கும். பாரிஸில் நடு ராத்திரியில் போன் போடுவதற்குப் பதில் பகலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

இன்ஸ்டால் பட்டன் அழுத்தும் நொடி

ஹார்டு டிஸ்க்கைக் கழற்றுங்கள். கழற்றி வேறு அறையில் வையுங்கள். இன்ஸ்டால் செய்யும்போது ‘எந்த டிஸ்க்கை அழிக்கட்டும்?’ என்று வரும் பட்டியலில் பிராண்ட் பெயர் பளிச்சென்று தெரியாது. ஒரே ஒரு எழுத்து மட்டும் மாறுகிற இரண்டு பெயர்கள் தெரியும். செருகாத டிஸ்க்கை யாராலும் அழிக்க முடியாது.

எல்லாம் முடிந்து, புது சிஸ்டத்தில் டிஸ்க்கைச் செருகி, தேவையான ஃபைல்களை மட்டும் காப்பி பண்ணுங்கள். விண்டோஸின் ‘ஆப்டேட்டா’ ஃபோல்டரை லினக்ஸுக்குள் கொட்டுவதில் பயன் ஒன்றும் இல்லை. தமிழ் டைப்பிங்குக்கு லினக்ஸிலேயே தமிழ்99-ம், ஆங்கில உச்சரிப்பில் அடிக்கும் முறையும் ‘ஐபஸ் எம்17என்’ என்ற பெயரில் கிடைக்கும்.

பின்னாளில் நீங்கள் ஈ.எக்ஸ்.டி-4-க்கோ ஏ.பி.எஃப்.எஸ்-க்கோ மாற்றிய டிஸ்க்கை நண்பனின் விண்டோஸ் மெஷினில் செருகினால், ‘இதைப் பயன்படுத்த ஃபார்மேட் செய்ய வேண்டும்’ என்று ஒரு பெட்டி வரும். டிஸ்க் கெட்டுப்போகவில்லை, விண்டோஸுக்கு அந்த பாஷை தெரியவில்லை, அவ்வளவுதான். ‘கேன்சல்’ கொடுத்துவிட்டுக் கழற்றுங்கள். மேக்கிலும், புது டிஸ்க்கைச் செருகியதும் ‘டைம் மெஷினுக்கு எடுத்துக்கொள்ளட்டுமா?’ என்று கேட்கலாம். ஒத்துக்கொண்டால் அதன் வசதிக்கு டிஸ்க்கை அழித்துத்தான் ஆரம்பிக்கும். வேண்டாம் என்று சொல்லுங்கள்.

என்.டி.எஃப்.எஸ் டிஸ்க்கில் பிழை வந்தால் ஒழுங்காகச் சரிசெய்யும் கருவி விண்டோஸில்தான் இருக்கு. வீட்டில் விண்டோஸே இல்லாமல் போய்விட்டால், விண்டோஸ் வைத்திருக்கும் ஒரு நண்பனை மனசில் குறித்து வையுங்கள்.

பேக்கப்பை உடனே அழித்து டிஸ்க்கைச் சினிமாவுக்குப் பயன்படுத்த அவசரப்பட வேண்டாம். குறைந்தது ஒரு மாதம் அப்படியே இருக்கட்டும். ‘அய்யோ, அந்த ஃபைலை எடுக்கலையே’ என்பது மூன்றாவது வாரத்தில்தான் ஞாபகம் வரும். கடல் காற்றில் உப்பும் ஈரமும் இருப்பதால், ஜிப் கவரில் போட்டு, புதுச் செருப்பு டப்பாவில் வருமே, அந்த சிலிகா ஜெல் பொட்டலத்தையும் கூடவே போட்டு மூடி வையுங்கள். கேபிளையும் அதே கவரில் வையுங்கள். சில பழைய டிஸ்க்குகளின் போர்ட்டில் போன் சார்ஜர் கேபிள் நுழையாது, அதற்கென்று இருக்கும் அகலமான கேபிள்தான் வேண்டும்.

மூன்று, நான்கு மாதத்துக்கு ஒருமுறை எடுத்துச் செருகி இரண்டு ஃபைலாவது திறந்து பாருங்க.